ரெக்கார்டு போட்ட மாதிரி

கரிக்கலாம்பாக்கம் பக்கத்தில் ஒரு மெல்லிசைக் குழுவுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பாராட்டு, கச்சேரிக்கு மறுநாள் காலை டீக்கடையில்தான் வெளிவரும்: "அப்படியே ரெக்கார்டு போட்ட மாதிரி இருந்துச்சுப்பா." திட்டு என்றாலும் அதே அளவுகோல்தான்: "ரெக்கார்டுல அந்த இடத்துல ஃபுளூட்டு வரும், இவங்க விட்டுட்டாங்க." வில்லியனூரிலிருந்து பாகூர் போகும் சாலையை ஒட்டிய ஊர்களில் ஆடி பிறந்துவிட்டால் செடல், தீமிதி, தேர் என்று ஒன்று மாற்றி ஒன்று வரும். பகலெல்லாம் அம்மனுக்கு; சாமி வீதியுலா முடிந்த பிறகு இன்னிசைக் கச்சேரி. ஊரே வரி போட்டு ஏற்பாடு செய்த கச்சேரி என்பதால் தீர்ப்புச் சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

சினிமாப் பாட்டைத் திரும்ப வாசிப்பவர்களைக் கலைஞர்களில் ஒரு படி கீழே வைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சொந்தச் சரக்கு இல்லாதவர்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. குளிரூட்டிய ஒலிப்பதிவுக் கூடத்தில், பிசகினால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்ற வசதியோடு உருவான பாட்டு அது. அதையே வயல்வெளிக்கு நடுவே, வாடகை ஜெனரேட்டரை நம்பி, ஒரே முயற்சியில் எழுப்ப வேண்டும். அது எவ்வளவு கடினம் என்பது ஒலியின் இயற்பியலைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் புரியும். காற்று, ஈரம், தூரம், மின்சாரம், கேட்பவரின் மூளை என்று எல்லாமே அந்த மேடையோடு மல்லுக்கட்டுகின்றன.

மூளையிலிருந்தே தொடங்கலாம். 1994-ல் டேனியல் லெவிட்டின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 46 பேரை அழைத்து, அவரவருக்கு நன்றாகத் தெரிந்த பாப் பாட்டை நினைவிலிருந்து பாடச் சொன்னார். சங்கீதம் படித்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கவில்லை. பாடியதைப் பதிவு செய்து அசல் இசைத்தட்டோடு ஒப்பிட்டார். இரண்டு வாய்ப்புகளில் ஒன்றிலாவது அசல் சுருதியை அப்படியே பிடித்தவர்கள் 40 சதவீதம். சுருதிப்பெட்டி இல்லை, முன்னால் யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து பெரி குக் என்பவரோடு சேர்ந்து அதே பதிவுகளில் வேகத்தை அளந்தபோது, பத்தில் ஏழுக்கு மேற்பட்ட முயற்சிகள் அசல் வேகத்திலிருந்து 8 சதவீதம்கூட விலகவில்லை. அதாவது, பலமுறை கேட்ட பாட்டின் கட்டையும் நடையும் நம்மை அறியாமலே உள்ளே பதிந்து கிடக்கின்றன. கச்சேரிக்குப் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேரின் தலைக்குள்ளும் அசல் இசைத்தட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. வாசிக்கிறவர் அதோடுதான் ஒப்பிடப்படுகிறார்.

அந்த ஒப்பீடு எவ்வளவு சீக்கிரம் தொடங்கிவிடுகிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 2019-ல் வெளியான ஆய்வு ஒன்றில், பழகிய பாட்டின் துணுக்கு காதில் விழுந்து 100 முதல் 300 மில்லி விநாடிக்குள் கண்ணின் பாவையும் மூளையின் மின்னலைகளும் 'இது தெரிந்தது' என்று காட்டிவிட்டன. கீபோர்டுக்காரர் முன்னிசையின் முதல் இரண்டு சுரங்களைத் தொட்டதுமே பின்வரிசையிலிருந்து விசில் பறக்கிறதே, அது இந்த வேகத்தில்தான் நடக்கிறது. அடுத்து வரப்போகும் இடத்தை மூளை முன்கூட்டியே எதிர்பார்க்கத் தொடங்குகிறது. மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் 2011-ல் காட்டியபடி, பிடித்த இடம் வரும்போது மட்டுமல்ல, அது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே டோபமைன் சுரக்கிறது. இரண்டும் மூளையின் வெவ்வேறு பகுதிகளில். பழகிய பாட்டில் கூடுதலாக வாய்க்கும் சுகம் இது. புதுப்பாட்டில் இவ்வளவு துல்லியமாக எதை எதிர்பார்ப்பது? ஆனால் அந்த இடத்தில் புல்லாங்குழல் வராமல் போனால் ஏமாற்றமும் அதே அளவுக்கு இறங்கும்.

இந்தக் கண்டிப்பான பள்ளியில் படித்துத் தேறியவர்கள் பலர். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசனின் குழுவில் பதினான்கு வயதில் சேர்ந்த இளையராஜா, 1976-ல் அன்னக்கிளி வருவதற்கு முன் பல ஆண்டுகள் ஊர் ஊராக மேடைகளில் வாசித்தார். எஸ்.பி.பாலசுப்ரமணியம் தொடக்க காலத்தில் நடத்திய மெல்லிசைக் குழுவிலும் இளையராஜா, பாஸ்கர், கங்கை அமரன் சகோதரர்கள் இருந்தார்கள். பின்னால் ஏ.வி.ரமணனின் மியூசியானோ, லஷ்மன் ஸ்ருதி போன்ற சென்னைக் குழுக்கள் மேடை மெல்லிசைக்கு ஒரு தரத்தை நிறுவின. கிராமத்துக்கு வரும் குழு அவ்வளவு பெரியதாக இருக்காது. கீபோர்டு ஒன்றோ இரண்டோ, லீட் கிட்டார், பேஸ் கிட்டார், தபேலா, டோலக், டிரம்ஸ், பேடு, பாடுகிறவர்கள் நான்கைந்து பேர், சிரிக்க வைக்க ஒரு மிமிக்ரிக் கலைஞர். அசல் பதிவில் வயலின் மட்டுமே பல வரிசை இருந்திருக்கும். அத்தனையையும் இரண்டு கையால் ஈடுகட்ட வேண்டிய கீபோர்டுக்காரர், ஜனங்களின் நினைவில் எது ஒட்டியிருக்கிறது, எதை விட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒவ்வொரு பாட்டுக்கும் முடிவெடுக்கிறார். முன்னிசையும் இடையிசையின் மெட்டும் பேஸ் நடையும் கட்டாயம் வேண்டும். உள்ளே அடங்கிக் கிடக்கும் சுர அடுக்குகளைக் குறைத்துக்கொள்ளலாம். லெவிட்டின் சோதனைச்சாலையில் தேடியதை இவர் மேடை அனுபவத்தில் தெரிந்து வைத்திருக்கிறார்.

தாள வாத்தியத்தில் இன்னொரு வியப்பு இருக்கிறது. அதைக் கண்டு சொன்னவர் நம் ஊர்க்காரர். வட்டமாக இழுத்துக் கட்டிய சாதாரணத் தோலைத் தட்டினால் எழும் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத விகிதத்தில் இருக்கும். அதனால் சத்தம் வருமே தவிர சுருதி சேராது. பறையும் டிரம்ஸும் அப்படித்தான். ஆனால் தபேலாவும் மிருதங்கமும் பாடகரின் கட்டைக்குச் சேர்கின்றன. திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-லும் பிறகு தனியாக 1934-லும் இதற்கு விடை தந்தார். தோலின் நடுவில் அடுக்கடுக்காக அப்பித் தேய்த்த கருவட்டம் அந்த விகிதங்களை இழுத்து, 1, 2, 3, 4, 5 என்ற முழு எண் வரிசைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்தே இசைவான சுரங்களாகக் கூடுகின்றன. தோலின் மேல் நுண்மணலைத் தூவி, அது ஒதுங்கும் கோடுகளைப் பார்த்து ராமன் இதை மெய்ப்பித்தார். கணிதம் எட்டுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே கைவினைஞர்கள் காதால் கண்டுபிடித்துவிட்ட தீர்வு அது.

அந்தத் தோலுக்கு ஈரம் ஆகாது. கடல் கிழக்கே பத்துக் கிலோமீட்டருக்குள், சுற்றிலும் ஏரிப் பாசனம், நெல் வயல், கரும்புத் தோட்டம். இரவு ஏற ஏறக் காற்றின் ஈரப்பதம் கூடும். தோல் அதை உறிஞ்சித் தளரும். இழுவிசை குறைந்தால் சுருதியும் இறங்கும். எட்டு மணிக்குச் சேர்த்துவைத்த தபேலா பத்து மணிக்குக் கீழே போய்விடுவதால், அறிவிப்பாளர் அன்பளிப்புக் கொடுத்தவர்களின் பெயர்களை வாசிக்கும் இடைவெளியில் தபேலாக்காரர் சின்னச் சுத்தியால் விளிம்பைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். கீபோர்டின் சுருதி மட்டும் அசையாமல் நிற்கிறது. 1985-ல் ரோலண்டு நிறுவனம் ஆக்டபேடைக் கொண்டுவந்ததும், எட்டுச் சதுரங்களில் குச்சியால் அடித்தே எல்லா மேளத்தையும் எழுப்பும் வசதி நம் மேடைகளுக்கு வந்து நிலைத்துவிட்டது. முதலில் வந்த பேடுக்குள் ஒலியே கிடையாது. அடியின் வேகத்தை மின்குறிப்பாக மாற்றி வேறொரு கருவிக்கு அனுப்பும், ஒலி அங்கிருந்து வரும். ஈரம் பாதிக்காது, வேனில் இடம் அடைக்காது. ஆனாலும் தபேலாவைத் தூக்கிப் போடாமல் கூடவே ஏற்றி வரும் குழுக்கள் இருக்கின்றன. ஒரு பாட்டு தபேலாவிலேயே பிறந்திருந்தால் பேடு அதற்கு ஈடாகாது என்பதுதான் என் எண்ணமும்.

மைக் செட்காரர் மதியமே வந்து வயர் இழுக்கத் தொடங்கிவிடுவார். சாயங்காலம் மிக்சரை ஏற்றியதும் எல்லா பாக்ஸிலிருந்தும் 'ம்ம்ம்' என்று ஓர் ஓசை. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. சாதனத்துக்குள் நேர்மின்னாக மாறும்போது அதன் இரட்டிப்பான 100 அதிர்வுகள் ஒலியாகக் கசிகின்றன. ஒரு கட்டை என்பதை மேற்கத்திய இசையின் சி சுரமாகக் கொண்டால் ஐந்து கட்டையில் கீழ்மட்ட ஆதார சுரம் 98 அதிர்வுகள். ஆகவே ஐந்து கட்டைப் பாட்டில் பேஸ் கிட்டார் அந்தச் சுரத்தில் நிற்கும்போதெல்லாம் 98-ம் 100-ம் உரசி, ஒலி விநாடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். கம்பி பிசகிவிட்டதோ என்று வாசிப்பவர் திரும்பிப் பார்ப்பார். பிசகு கம்பியில் இல்லை. மின்சாரத்திலிருந்து கசியும் அந்த இரைச்சலில் இருக்கும். ஜெனரேட்டர் ஓடினால் சீரியல் செட் விளக்குகளின் சுமைக்குத் தகுந்தபடி இந்த இரைச்சலின் சுருதியும் மெல்ல நகரும்.

இனி நேரம். எனக்கு மிகவும் பிடித்த கணக்குகள் இங்கேதான் இருக்கின்றன. 30 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். கேட்க வேகமாகத் தெரிகிறது. மேடைக்கு அது மெதுவானது. மூன்றரை மீட்டரைக் கடக்க 10 மில்லி விநாடி, ஏழு மீட்டருக்கு 20. ஒரு சாதாரண ஊர் மேடையின் இடக்கோடியில் டிரம்ஸும் வலக்கோடியில் பேஸ் கிட்டாரும் இருந்தால் இடையே அந்த ஏழு மீட்டர் இருக்கும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் என்ற இசை ஆய்வாளர் இரண்டிரண்டு பேரைத் தனித்தனி அறைகளில் உட்கார வைத்து, ஒருவர் கைத்தட்டல் மற்றவர் காதுக்குப் போகும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். தாமதம் 10 முதல் 20 மில்லி விநாடி வரை இருந்தபோது இருவரும் நிலையான நடையில் தட்டினார்கள். அதற்கு மேல் போனதும் ஒருவரையொருவர் காத்திருந்து காத்திருந்து நடை தளர்ந்தது. 60-ஐத் தாண்டியதும் சிதறியது. தாமதமே இல்லாத அளவுக்குக் குறைத்தபோதோ, நடை கொஞ்சம் கொஞ்சமாக ஓடத் தொடங்கியது! பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி உட்காருவது நல்லது என்று நினைப்போம். மனிதக் காதும் கையும் மூன்று முதல் ஏழு மீட்டர் தூரத்துக்குத் தோதாகப் பழகியிருக்கின்றன என்கிறது இந்தச் சோதனை. கோயில் வாசலில் போடும் மேடையின் அகலமும் ஏறக்குறைய அதுதான் என்பது தற்செயலாகவே இருக்கட்டும். பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

மேடைக்கு வெளியே போனால் கணக்கு கடுமையாகிறது. எதிரே 35 மீட்டரில் ஒரு கல்யாண மண்டபச் சுவர் இருந்தால், பாக்ஸிலிருந்து கிளம்பிய அடி அதில் மோதி மேடைக்குத் திரும்ப 0.2 விநாடி ஆகிவிடும். பின்வரிசையில் கை தட்டுகிறவர்களின் கதையும் அதே. அவர்களுக்குப் பாட்டு 0.1 விநாடி தாமதமாகக் கேட்கிறது. அதற்குச் சரியாகத் தட்டிய தட்டு மேடைக்கு வர இன்னொரு 0.1 விநாடி. நிமிடத்துக்கு 120 தாளம் ஓடும் குத்துப்பாட்டில் ஒரு தாளமே அரை விநாடிதான். ஜனங்கள் கொஞ்சமும் பிசகாமல் தட்டினாலும் டிரம்ஸ்காரர் காதில் அது தாளத்தின் ஐந்தில் இரண்டு பங்கு பின்தங்கி விழும். அதை நம்பி வாசித்தால் பாட்டு உட்கார்ந்துவிடும். எதிரே ஆயிரம் பேர் உற்சாகமாகத் தட்டிக்கொண்டிருக்க, அந்தத் தட்டலைக் காதில் வாங்காமல், பக்கத்தில் நிற்கும் பேஸ் கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டு போவதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும்! தேர்ந்த குழுவில்கூட வாத்தியங்களுக்கிடையே 30 முதல் 50 மில்லி விநாடி விலகல் இயல்பு என்று டச்சு ஆய்வாளர் ருடால்ஃப் ராஷ் 1979-லேயே அளந்திருக்கிறார். அதற்குள் அடங்குவதுதான் வித்தை.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இந்தக் கணக்கில் அழகான விளைவைத் தருகிறது. கச்சேரி கோயில் வாசலில் நடந்தாலும், தெருக்கோடி வரை கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிடுவார்கள். கம்பியில் மின்குறிப்பு கண்ணிமைப்பதற்குள் எல்லாக் குழாய்க்கும் போய்விடும். காற்றில் ஒலி நடந்துதான் வர வேண்டும். தெருக்கோடியில் நிற்பவருக்குத் தலைக்கு மேலிருக்கும் குழாய் முதலில் பாடும். மேடை பின்னால் பாடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 30 மில்லி விநாடிக்குள் இருந்தால் காது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு, முதலில் வந்த திசையிலிருந்தே முழுச் சத்தமும் வருவதாக நினைக்கும். 1949-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் முனைவர் பட்டத்துக்காகக் கண்டறிந்தது இது. பின்னால் வருவது 10 டெசிபல் அதிகமாக இருந்தாலும் காது முதலில் வந்ததற்கே இடம் கொடுக்கும். 50 மில்லி விநாடியைத் தாண்டினால் எதிரொலியாகப் பிரிந்துவிடும்.

இப்போது அந்த 120 தாளப் பாட்டை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்து பாருங்கள். மேடையிலிருந்து 87 மீட்டரில் உள்ள குழாயின் கீழே இரண்டு ஒலிகளுக்கும் கால் விநாடி வித்தியாசம். ஒன்றின் அடி மற்றதன் இடைவெளியில் சரியாக விழுந்து, பாட்டு இரட்டை வேகத்தில் குழம்பித் தெரியும். இன்னும் நடந்து 174 மீட்டருக்கு வந்தால் வித்தியாசம் அரை விநாடி, அதாவது முழுத் தாளம். அடிகள் மறுபடி ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துவிடும். பாட்டின் சொற்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டிருக்க, தாளம் மட்டும் சுத்தமாகக் கேட்கும் அதிசய இடம் அது. அடுத்த பாட்டின் வேகம் வேறாக இருந்தால் அந்த இடமும் தெருவில் தள்ளிப் போகும்.

மேடையில் எல்லோரும் பயப்படுவது மைக் கத்துவதற்குத்தான். 'ஊய்ங்' என்று கிளம்பும் அந்தக் கூச்சலுக்கு டென்மார்க் இயற்பியலாளர் சோரன் லார்சனின் பெயர் வைத்திருக்கிறார்கள். மைக்கில் நுழைந்த ஒலி பெருகி பாக்ஸில் வெளியேறி, அதில் ஒரு பங்கு காற்று வழியே மறுபடி மைக்குக்கே வருகிறது. பாடுகிறவருக்குத் தன் குரலைக் கேட்கவைக்கும் மானிட்டர் பெட்டி மூன்றரை மீட்டரில் இருந்தால் ஒரு சுற்றுக்கு 10 மில்லி விநாடி; விநாடிக்கு நூறு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒலி பத்தில் ஒரு பங்கு குறைந்து வந்தால் பிரச்சினையே இல்லை. ஒரு விநாடியில் தடம் தெரியாமல் அழிந்துவிடும். பத்தில் ஒரு பங்கு கூடி வந்தால்? 1.1-ஐ நூறு முறை பெருக்கிப் பாருங்கள், 13,780. கேட்காத கிசுகிசுப்பு ஒரே விநாடியில் அத்தனை மடங்காகி, ஆம்ப்ளிஃபயரின் எல்லையில் போய் முட்டும். அமைதிக்கும் அலறலுக்கும் இடையில் மிக்சரின் ஒரு குமிழை விரற்கடை திருப்பும் வித்தியாசம்தான் இருக்கிறது. அந்தத் தூரத்துக்கு ஏறக்குறைய 100 அதிர்வு இடைவெளியில் வரிசையாகப் பல சுரங்கள் கத்தத் தயாராக நிற்கும். மைக்கும் பாக்ஸும் எந்தச் சுரத்துக்குக் கூடுதலாகச் செவி சாய்க்கின்றனவோ அது முந்திக்கொள்ளும். அதனால்தான் ஒரு மேடையில் ஒருமுறை கத்திய மைக் அந்த இரவு முழுக்க அதே சுரத்தில் கத்துகிறது. அனுபவமுள்ள மைக் செட்காரர் மொத்தச் சத்தத்தையும் குறைக்க மாட்டார். கத்தும் சுரத்தைக் காதாலேயே அடையாளம் கண்டு, ஈக்வலைசரில் அந்த ஒரு பட்டையை மட்டும் இறக்குவார். விநாடிக்கு எத்தனை அதிர்வு என்று அவரைக் கேட்டால் சொல்ல மாட்டார். கை மட்டும் சரியான குமிழுக்குப் போய்விடும்.

பாடுகிறவரும் தெரியாமல் இந்தப் பேயை எழுப்பிவிடுவதுண்டு. மேடை மைக்குகள் முன்பக்கத்து ஒலியை வாங்கி, பின்பக்கத்து ஒலியைத் தள்ளும்படி செய்யப்பட்டவை. வலைக்குமிழின் பின்னால் உள்ள துளைகள் வழியே நுழையும் ஒலிதான் அந்தத் தள்ளுதலைச் செய்கிறது. உணர்ச்சிவசப்பட்டு வலைக்குமிழையே கையால் பொத்திப் பிடித்தால் துளைகள் அடைபட்டு, மைக் எல்லாத் திசையிலிருந்தும் வாங்கத் தொடங்கும். எதிரே தரையில் கிடக்கும் மானிட்டர் உடனே உள்ளே புகுந்துவிடும். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானாலும் ஆபத்து 3 டெசிபல் கூடும். கோரஸ் பாடாத நேரத்தில் கோரஸ் மைக்கை அணைத்து வைப்பது இதற்காகத்தான்.

மானிட்டரே வேண்டாம் என்று விட்டுவிட்டால் தொண்டை போய்விடும். பாரீஸின் காது மூக்கு தொண்டை மருத்துவர் எத்தியென் லோம்பார் 1911-ல் வெளியிட்ட கண்டுபிடிப்பு அது. காதில் இரைச்சல் ஏறினால் மனிதர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார், இரைச்சலை நிறுத்தியதும் குரல் இறங்கிவிடும். வேண்டுமென்று செய்வதில்லை, தடுக்கவும் சுலபத்தில் முடியாது. டிரம்ஸுக்கும் பேடுக்கும் முன்னால் நிற்கும் பாடகிக்குத் தன் குரல் தனக்குக் கேட்காவிட்டால், முதல் ஒரு மணி நேரத்திலேயே இழுத்துப் பாடித் தொண்டை கட்டிக்கொள்ளும். தன் குரல் தெளிவாகக் கேட்டால் சுருதியும் நிற்கும், குரலும் நிற்கும். ஒரு பாடகி பத்துப் பதினைந்து பாட்டு பாட வேண்டிய இரவில் தரையில் கிடக்கும் அந்தச் சாய்ந்த பெட்டிதான் அவர் பிழைப்பைக் காக்கிறது.

பகலில் மைக் டெஸ்ட் செய்தபோது அடுத்த ஊருக்குக் கேட்காத ஒலி, இரவில் கோர்க்காட்டுப் பக்கமும் ஏம்பலத்துப் பக்கமும் எப்படிக் கேட்கிறது? பகலில் தரை சூடாகவும் மேலே போகப் போகக் காற்று குளிர்ந்தும் இருக்கும். ஒலி சூடான காற்றில் வேகமாகப் போவதால், தரையையொட்டிய பகுதி முந்திக்கொள்ள, ஒலியலை மேல்நோக்கி வளைந்து வானத்துக்குப் போய்விடும். சில நூறு மீட்டருக்கு அப்பால் ஒலியின் நிழல் விழும். சூரியன் மறைந்து தரை குளிர்ந்ததும் நிலைமை தலைகீழாகிறது. தரையருகே குளிர்ந்த காற்று, மேலே சூடான காற்று. மேலே போன ஒலி வளைந்து வயல்களின் மேல் திரும்ப இறங்கும். ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1870-களில் இதை விளக்கினார். அவருக்கு முன்பே, 1857-ல், ஜார்ஜ் ஸ்டோக்ஸ் காற்றின் விளைவைச் சொல்லியிருந்தார். தரையருகே மெதுவாகவும் மேலே வேகமாகவும் வீசும் காற்று, தான் போகும் திசையில் ஒலியைக் கீழே வளைக்கும், எதிர்த்திசையில் மேலே தூக்கிவிடும். அம்மியைப் பறக்கவிடும் ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசும்போது கச்சேரி கிழக்கே கடற்கரைப் பக்கத்து ஊர்களுக்குப் போகிறது; மேற்கே உள்ளவர்களுக்கு அறுந்து அறுந்து கேட்கிறது.

போய்ச் சேர்வதும் முழுப்பாட்டு இல்லை. 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 125 அதிர்வு ஒலியிலிருந்து 0.3 டெசிபலைத்தான் தின்னும். 8000 அதிர்வு ஒலியிலிருந்தோ 59 டெசிபலைத் தின்றுவிடும். சலங்கை, சிம்பல், பாட்டின் 'ச'வும் 'ஸ'வும் முதலில் மறையும்; சொற்கள் மழுங்கும்; மெட்டின் உருவம் கொஞ்ச தூரம் தாக்குப்பிடிக்கும்; கடைசியில் பேஸும் டிரம்ஸின் அடியும் மட்டும். வரப்பில் நின்று அதைக் கேட்பவர் அந்த எலும்புக்கூட்டை வைத்தே என்ன பாட்டு என்று சொல்லிவிடுகிறார். மிச்சத்தை அவர் நினைவு நிரப்பிக்கொள்கிறது.

ஒலி தூரம் போகும் இந்த நேரத்தில்தான் சட்டமும் வருகிறது. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். விடிய விடியக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது கசக்கும். அடுத்த ஊரில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் படுத்த படுக்கையில் இருக்கும் பெரியவருக்கும் அந்த வளைந்த ஒலி அப்படியே போய் இறங்குகிறது என்பதால் நான் விதியின் பக்கம்தான். 

அதைவிட எனக்குக் கவலை, மேடையில் இருப்பவர்களின் காதும் மேடைக்கு முன்னால் இருக்கும் காதும். 85 டெசிபலை ஒரு நாளில் எட்டு மணி நேரம் காது தாங்கும் என்று அமெரிக்கத் தொழில்நலக் கழகம் கணக்கிட்டிருக்கிறது. அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். பொது நிகழ்ச்சிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வைத்த உச்ச வரம்பும் சராசரி 100 டெசிபல்தான். டிரம்ஸுக்குப் பக்கத்தில் சீசன் முழுக்க நிற்கிற கிட்டார்க்காரர் அதைப் பல மடங்கு வாங்குகிறார். உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மனிதரில் மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது மேல்சுருதிகளைக் கேட்கும் திறன், ஓர் இசைக்காரருக்கு மிகவும் வேண்டியது. மேடையில் காதுக்கு அடைப்பான் போட்டுக்கொண்டு வாசிப்பவரைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டியதில்லை.

பாக்ஸுக்கு இரண்டு மீட்டர் முன்னால், சத்தம் நெஞ்சில் இடிக்கும் இடத்தில் குழந்தைகள்தான் போய் உட்கார்வார்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒரு பெட்டியின் ஒலி 6 டெசிபல் இறங்கும். இரண்டு மீட்டரில் 100 டெசிபலாக இருப்பது பதினாறு மீட்டரில் 82 ஆகிவிடும். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாத இடத்துக்கும் கச்சேரி முழுக்க இருக்கக்கூடிய இடத்துக்கும் நடுவே இருப்பது பதினான்கு மீட்டர். பாயைச் சுருட்டிக்கொண்டு பிள்ளையை அங்கே தள்ளி உட்கார வைத்தால் பாட்டு அவனுக்கு 40 மில்லி விநாடி தாமதமாக வரும். ஒரு சுரமும் குறையாது.